ரேடியோ கடைக்குத் திரும்பிய காலை

அந்தத் தெருவில் முடிவெட்டும் கடைகள் மூன்று இருந்தும், கூட்டம் என்னவோ ரேடியோவின் கடையில்தான். அவருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது; ஏன் வைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரின் கழுத்தில் துணியைக் கட்டியதும் பேச்சு ஆரம்பிக்கும். துணியை உதறும் வரை ஓயாது. வெட்டி முடிந்தவர்களும் கதை முடியட்டும் என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கூடவே வேலை செய்த மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பவர். அவர் பேச நினைத்தாலும் இடம் கிடைத்திருக்காது.

அப்படி ஓயாமல் பேசிய ரேடியோவுக்கு நோய் நாக்கில்தான் வந்தது. ஓரத்தில் ஆறாமல் கிடந்த புண்ணை, பல் உரசியது என்று அலட்சியமாக விட்டிருந்தார். புற்றுநோய் என்றார்கள். நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து அங்கே வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"கத்தி பிடிக்கிற கையை மட்டும் விட்டுடுங்க" என்றார் ரேடியோ.

இடது கையில்தான் எடுப்போம் என்ற டாக்டர், அந்தத் தோலில் இருக்கும் முடி சிலருக்கு நாக்கிலும் வளரக்கூடும் என்று சொல்லிவைத்தார்.

"வளரட்டும் டாக்டர். அதை வெட்ட வெளியாளைத் தேடவா போறேன்?"

மனைவி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். பழைய நாக்கால் அவர் அடித்த கடைசி ஜோக் அது. தைத்து வைத்த நாக்கில் முடி வளரவில்லை. பிறகு கொடுத்த கதிர்வீச்சில் கழுத்துத் தோல் கருகியது, எச்சில் வற்றியது, வலது கன்னத்தில் தாடியும் நின்றுபோனது. ஆயுசு முழுக்க ஊராரின் தாடியை மழித்தவர், கண்ணாடியில் தன் பாதி தாடியை வெறித்துப் பார்ப்பார்.

சிகிச்சை முடிந்ததும் உறவுக்காரர்கள் வந்து, கண்டம் தாண்டியாச்சு என்று கை குலுக்கிவிட்டுப் போனார்கள். தாண்டிய பிறகுதான் வழி எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. மசித்த சாப்பாடுகூட நனைத்த காகிதம்போல் இருந்தது. இறுகிப்போன தாடையைத் திறக்க, தட்டையான ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகி வைத்துக்கொள்ள வேண்டும். மெனக்கெட்டு ஒரு குச்சி கூட்டினால், மறுவாரம் ஒரு குச்சி குறையும். காலையில் தாடைக்கடியில் நீர் கட்டி வீங்கியிருக்கும். மனைவி உட்கார்ந்து கழுத்தை நீவிவிடுவாள். எத்தனையோ முகங்களுக்கு மசாஜ் செய்த மனிதருக்கு அவள் விரல் போகும் விதம் பொறுக்காது. குழறிக்குழறி ஏதோ திருத்தம் சொல்வார்.

"ஆஸ்பத்திரியில எனக்குத்தானே சொல்லிக்கொடுத்தாங்க? பேசாம படுங்க" என்பாள்.

பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மனசு மட்டும் கடைக்குப் போய்விடும். ஷட்டரைத் தூக்கியதும் முகத்தில் அடிக்கும் சோப்பும் பவுடரும் கலந்த வாசனை. பழைய நாற்காலி ஒன்றை வாங்கி, அவரும் மச்சானும் தலைச்சுமையாகத் தூக்கி வந்த நாள். சுற்றும்போதெல்லாம் அது கிறீச்சிடும். என் பேச்சுக்குப் போட்டி இது ஒன்றுதான் என்பார் அப்போது. மழை பெய்து ஒருவரும் வராத மத்தியானங்களில் அவரும் மச்சானும் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்வார்கள். ஆள் இல்லாத கடையிலும் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். அந்தக் குரலை நினைக்கும்போது, செத்துப்போன தோழனை நினைப்பதுபோல் இருந்தது.

மச்சான் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தார். நான் பேசினால் யாருக்குப் புரியும் என்று இவர் தலையை ஆட்டிவிடுவார். ஒரு நாள் மச்சான் வழக்கத்துக்கு மாறாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசினார்.

"பெஞ்சில உட்கார்றவங்க எல்லாம் போனையே பார்த்துக்கிட்டு இருக்காங்க மாமா. நம்ம கடை இப்ப ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

ஆஸ்பத்திரி அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. மறுநாள் காலை தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். போனது நாக்கு, ஆனால் காது போனவரிடம் பேசுவதுபோல் ஒவ்வொருவரும் சத்தம் போட்டு நலம் விசாரித்தார்கள். அவர் கூசிப்போய் மூலையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்த நேரத்தில் பஸ் டிரைவர் உள்ளே வந்தார். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தக் கடைக்கு வருகிறவர். நேராகப் போய் ரேடியோவின் நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்களே பண்ணுங்கண்ணே" என்றார்.

ரேடியோ துணியைக் கட்டினார். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. வார்த்தை வரவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். கை மறக்கவில்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும்ணே" என்றார் டிரைவர். "என் கல்யாணத்துக்கு முந்தின நாள் இங்கதான் ஷேவிங்குக்கு வந்தேன். நாளைக்குக் கல்யாணம், குடும்பத்தோட வந்துடுங்கன்னு கூப்பிடத்தான் வந்தேன். நான் வாயைத் திறந்தேன், நீங்க கிணத்துல விழுந்த ஆட்டுக் கதையை ஆரம்பிச்சுட்டீங்க. ஷேவிங் முடிஞ்சுது, ஆடு இன்னும் கிணத்துலயே இருக்கு. எனக்கு நேரமாச்சு, போயிட்டேன்."

கத்தரிக்கோல் நின்றது. அந்தக் கல்யாணத்துக்குத் தெருவே போயிருந்தது. தன்னை மட்டும் கூப்பிடவில்லை என்று ரேடியோ இத்தனை வருஷமாக உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தார். கோபத்தில் இந்த மனிதருக்கு மட்டும் பவுடர் போடாமலே அனுப்பியதும் உண்டு.

"அ... அதான் கூப்பிடலையா?" என்றார். குழறலாகத்தான் வந்தது. டிரைவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க எங்கண்ணே கூப்பிட விட்டீங்க?"

முதலில் சிரித்தது மச்சான். பிறகு பெஞ்சே சிரித்தது. ரேடியோவுக்கு வயிறு குலுங்கியது. இறுகிய தாடையில் சுரீரென்று வலி எடுத்தது. புரையேறி, மச்சான் ஓடிவந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்படியும் சிரிப்பு அடங்கவில்லை. சிகிச்சைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"ஆடு என்ன ஆச்சு?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். ரேடியோ யோசித்துப் பார்த்தார். அவருக்கே ஞாபகம் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் முழுவதையும் சொன்னார். பாதி வார்த்தைக்கு அவள் "என்ன?" என்றாள். முன்பென்றால் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருப்பார். இன்று மறுபடி மறுபடி சொன்னார், கையால் நடித்தும் காட்டினார். அவள் மசித்த சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கும் போறீங்களா?"

"காலையில மட்டும்."

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கவனமாக விழுங்கினார். ருசி ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கரண்டியை எடுத்தார்.