முகம் சுரண்டிய தகடு

டோர்காஸ் பென்னாக்கின் படக்கடை ஜன்னலில் அந்தக் கேலிப்படம் அரை நாள்தான் இருந்தது. கடற்படைக்குச் சாப்பாடு வாங்கும் ஹார்பரி பிரபு, ஒரு கையால் மாலுமிகளுக்குப் புழுத்த பிஸ்கட்டை எறிகிறார். மறு கையால் அரசருக்குக் கேக் ஊட்டுகிறார். அரசர் கண்ணை மூடிக்கொண்டு மெல்கிறார்.

அந்தப் பிஸ்கட்டைத் தின்றுதான் டோர்காஸின் தம்பி கப்பலில் செத்தான். கடையே போனாலும் படம் லண்டன் கண்ணில் பட்டாக வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

மத்தியானம் பிரபுவின் ஆள் லிட்கேட் வந்து தாள்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனான். பிரபுவின் முகம் இன்னொரு முறை ஜன்னலில் தெரிந்தால் அவதூறு வழக்கு, நியூகேட் சிறை என்றான். இப்படி ஒரு படத்துக்காகத் தெருக்கோடிக் கடைக்காரன் ஏற்கெனவே அந்தச் சிறையில் இருந்தான். படம் என்றால் காகிதம்தான் என்று லிட்கேட் நினைத்திருக்க வேண்டும். படத்தைச் செதுக்கி அச்செடுத்த செம்புத் தகடு பின்கட்டில் கிடந்தது; அதை அவன் கேட்கவே இல்லை.

செதுக்குகிற ஏபல் அதை உருக்கிவிடலாம் என்றான். இல்லையென்றால் மூக்கை மாற்றி வேறு ஆளாக்கித் தருவதாகச் சொன்னான்.

"வேற ஆளு என் தம்பியக் கொல்லல. மூஞ்சிய மட்டும் சுரண்டு."

"தொப்பை?"

"தொப்பையப் பத்தி அவன் பேசலயே."

ஏபல் முகத்தைச் சுரண்டினான். அந்தப் பள்ளத்தில் மை தேங்கினால் அச்சில் கறுப்பாக விழும். அதனால் தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் சுத்தியால் தட்டி மேடேற்றி, கரியால் தேய்த்து மழுக்கினான். பொய்முடியும், கட்டுப்போட்ட வாதக்காலும் அப்படியே இருந்தன. அச்சான தாள்களில், பிரபுவின் ஊரறிந்த கடுகு நிறக் கோட்டுக்கு டோர்காஸே வண்ணம் தீட்டினாள்.

மறுநாள் காலையில் ஜன்னல் முன் கூடிய கூட்டத்தில் வண்டி போக வழியில்லை. வெள்ளையாகக் கிடந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மீன்காரி ஒருத்தி கண்ணாடியில் விரலை வைத்து, மூக்கு இவ்வளவு நீளம் என்று காட்டினாள்.

லிட்கேட் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான்.

"நேத்து என்ன சொன்னேன் உன்கிட்ட?"

"மூஞ்சி கூடாதுன்னீங்க. எடுத்தாச்சு, ஐயா."

"இது யாருன்னு ஊருக்கே தெரியும்."

"அப்படியா? புழுத்த பிஸ்கட் வாங்கிப் போட்டது யாருன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. கீழ எழுதிடறேன்."

கூட்டம் அவன் வாயையே பார்த்தது. வழக்குப் போட்டால், படத்தில் இருப்பது நான்தான் என்று பிரபு நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும். லிட்கேட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தான்.

டோர்காஸ் உள்ளே எட்டிப் பார்த்து, மை நன்றாகப் பிடிக்க, அச்சுக்கு இன்னும் இருநூறு தாள் நனைத்து வைக்கும்படி ஏபலிடம் சொன்னாள்.