அறுபத்தொன்பது மட்டும்

நேற்று மாலை அக்காவின் இன்குபேட்டரைச் சோடாபுட்டி மூடுவதை அவள் பார்த்துவிட்டாள்.

"இங்க என்ன உனக்கு வேலை?"

"சும்மா சூடு சரியா இருக்கான்னு பாத்தேன்க்கா. என்னமோ நகைக்கடையத் திறந்த மாதிரி முறைக்கிறீங்க!"

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவனுடைய தடித்த கண்ணாடிக்கு வைத்த பெயர்தான் சோடாபுட்டி. அடுத்த மாதம் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நீடிக்கும் என்று ஆய்வகத் தலைவியான மேடம் போன வாரம் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அவன் இருமினால்கூட அவளுக்குச் சந்தேகம்.

உள்ளே இருந்தவை அவள் வளர்க்கும் டி செல்கள், நோயை எதிர்க்கும் ரத்த செல்கள். எதுவும் சேர்க்காமல் தூங்க விட்டவை. தூண்டிய செல்களோடு ஒப்பிட, அவை தூங்கியபடியே இருக்க வேண்டும். விழிப்பு மருந்தை ஒரு சொட்டு விட்டால் போதும், எல்லாம் பாழ். அதனால் இன்று காலை எட்டு மணிக்கே வந்து, கதவின் மேல் ஒரு கண் வைத்தபடி, செல்களை வேறு தட்டுக்கு மாற்றி, இன்குபேட்டரின் கீழ் அடுக்கில் ஒளித்து வைத்தாள்.

மதியம் ஒரு மணிக்குச் சோதித்தால், முக்கால்வாசி செல்களின் மேல் 69 என்ற புரதம் முளைத்திருந்தது. விழித்துவிட்டன.

நேரே மேடத்திடம் போனாள். "நேத்து சாயங்காலம் அவன்தான் எதையோ விட்டிருக்கான் மேடம்."

"எழுதிக் குடு. மூணு மணிக்கு அவனக் கூப்பிடறேன். உண்மைன்னா இன்னைக்கே அனுப்பிடறேன்."

எழுதிக் கொடுத்தாள். வழக்கு இன்னும் இறுகட்டும் என்று 25 என்ற புரதத்தையும் சோதித்தாள். 69 அவசரக்காரன், சில மணி நேரத்தில் வந்துவிடும். 25 சோம்பேறி, அது நிமிர ஒரு நாள் ஆகும். நேற்று மாலையே விழித்திருந்தால் இந்நேரம் தலையாவது காட்டியிருக்க வேண்டும்.

ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் இன்று காலைதான் விழித்திருக்கின்றன. வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். சோடாபுட்டி வந்தது பன்னிரண்டு மணிக்கு. காலையில் இருந்த ஒரே பெயர் அவளுடையது.

 குளிர்பெட்டியைத் திறந்து எண்ணினாள். அடுத்த சோதனைக்காக விழிப்பு மருந்து பூசிய தட்டுகள் நான்கு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தன. பூச்சு கண்ணுக்குத் தெரியாது. காலையில் ஒட்டாத மருந்தைக் கழுவிவிட்டு, குளிர்பெட்டிக்குள் போகும்முன் அவற்றைக் காலித் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தது அவள்தான். கதவைப் பார்த்தபடியே அவற்றில் ஒன்றை எடுத்ததும் அவள்தான்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம். 25-இன் முடிவு அச்சிட்ட இந்தத் தாளைக் கிழித்துப்போட்டால் கேட்க யாருமில்லை. மேடம் பார்த்தது 69 மட்டும்தான்.

அவள் போனபோது சோடாபுட்டி மேடத்தின் மேசை முன்னால் நின்றிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"மேடம், அவன் இல்ல. நான்தான். தட்டு மாறிப்போச்சு." தாளை நீட்டினாள்.

மேடம் தாளைப் படித்து மேசையில் வைத்தாள். "சரி, ரெண்டு பேரும் போங்க. வேலை விஷயம் நாளைக்குப் பேசறேன்."

நடைவழியில் அவள், "தம்பி, மன்னிச்சிடுப்பா" என்றாள்.

"தட்டு மாறினது சரிக்கா. எம்மேல எழுதிக் குடுத்தது கை தவறியா?"

 அவன் தன் மேசைக்குப் போய், அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தான்.