திருஷ்டிக் கயிறும் கிளட்ச் வயரும்

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கௌதமன் இதை நம்புகிறவனும் அல்ல, நம்பாதவனும் அல்ல. ஆனால் அகல்யா மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை முதன்முதலாகப் பார்த்த அன்று அவன் மனதில் எழுந்த எண்ணம் அதுதான்: இதற்கு யாராவது கண் வைத்துவிடுவார்கள்.

அப்போது கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மத்திய சர்க்கார் வேலைக்குத் தில்லியில் சேரச் சொல்லி உத்தரவு வந்து, திருநெல்வேலியிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு ஊறுகாய் பாட்டிலுமாக நிஜாமுதீன் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த அவன் மனைவி, முன்பே தில்லிக்கு வந்துவிட்டவள், அவனை அழைத்துப் போக வந்திருந்தாள். ஆட்டோக்காரர்களின் கூச்சலுக்கும் கூலிகளின் நெரிசலுக்கும் நடுவே ஒரு கறுப்பு வண்டி, காலை ஒருமுறைகூடத் தரையில் ஊன்றாமல், ஓடையில் மீன் திரும்புவதுபோலத் திரும்பித் திரும்பி வந்து அவன் முன்னால் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அகல்யாவின் முகம். "பெட்டியை மடியில வெச்சுக்கோ. பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ" என்றாள். அவன் கண்ணை மூடவில்லை. அன்றிலிருந்து இந்த இரண்டு வருடமும் மூடவில்லை. அவனுக்கு சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து அவள் ஓட்டுவதைப் பார்ப்பதே போதுமானதாக இருந்தது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்கியபின், கறுப்புக் கயிறு ஒன்றை அவன் தன் கையாலேயே கட்டினான். நடுவில் படிகாரத் துண்டு கோத்த திருஷ்டிக் கயிறு. அவிழ்ந்து விழுந்தால் அபசகுனம் என்பதால் இடதுபக்கக் கைப்பிடியின் மூட்டில், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சேர்த்து, இறுக்கி மூன்று முடிச்சு. இந்த வருடம் புதுக் கயிறு. பழையதை அறுக்கக் கூடாது என்று அவன் வீட்டு வழக்கம். அதனால் அதன் மேலேயே இன்னொன்று. அகல்யா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அச்சா, இன்னும் ஒரு முடிச்சு போடு, பறந்துடப் போவுது" என்று கேலி செய்தாளே தவிர, தடுக்கவில்லை.

ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் துவாரகாவில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து லோதி காலனிக்குப் புறப்பட்டார்கள். அங்கே ஒரு மைதானத்தில், பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க இருந்தது. ஒரே ஒரு இடம். விமான நிலையச் சரக்குப் பிரிவில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெட்டிகளின் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்த அகல்யா, இந்த அறிவிப்பைப் பார்த்த நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. சொந்த வண்டியில், அதன் காகிதங்களோடு வர வேண்டும் என்பது நிபந்தனை. தேர்வு, மெதுவாக ஓட்டும் தேர்வு: இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே, காலை ஊன்றாமல், யார் அதிக நேரம் எடுத்துப் போய்ச் சேருகிறார்களோ அவர்களே கெட்டி. வேகமாக ஓட்ட யாராலும் முடியும், மெதுவாக ஓட்டுவதில்தான் ஆள் தெரியும் என்று அகல்யா அவனிடம் சொல்லியிருந்தாள். அதற்கு உயிர்நாடி கிளட்ச். இடது கை விரல்களால் கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு, எஞ்சினை மூச்சடக்கி நடக்க வைக்க வேண்டும்.

பாலம் என்ற பேட்டை, கன்டோன்மென்ட் எல்லாம் தாண்டி ஆர்.கே.புரத்துக்குள் நுழைந்தார்கள். மலை மந்திர் முருகன் கோயில் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. கௌதமன் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிய நேரத்தில் டக்கென்று ஒரு சின்னச் சத்தம். வண்டி முன்னும் பின்னுமாக ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"என்னட்டி ஆச்சு?"

"கிளட்ச் வயர் அறுந்துடுச்சு."

இடதுபக்கப் பிடி அறுந்த பல்லிவால்போல ஆடிக்கொண்டிருந்தது. அவள் வண்டியை ஓரமாக உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, குனிந்து பார்த்தாள். வயரின் நுனியில், பிடிக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன ஈயக் குண்டு பிய்ந்து கீழே விழுந்திருந்தது. அறுந்த இழைகள் துடைப்பக் குச்சிகளாக விரிந்து கிடந்தன. அவை விரிந்திருந்த இடத்தில், ரப்பர் உறையின் வாயை நெரித்தபடி, இரண்டு வருடத்துக் கறுப்புக் கயிறும் அத்தனை முடிச்சுகளும்.

அவள் விரல் அந்த முடிச்சின் மேல் ஒரு கணம் நின்றது. கௌதமனுக்கு வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் அந்த விரல் நின்ற விதத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. கைப்பிடி திரும்பும்போதெல்லாம் கூடவே திரும்ப வேண்டிய வயர், அவன் கட்டிய முடிச்சில் மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, இழை இழையாகச் செத்திருக்கிறது. கண் படக்கூடாது என்று கட்டியதே கண்ணைக் குத்திவிட்டது. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவளோ விரலை எடுத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு எந்த மெக்கானிக் கடையின் ஷட்டரும் ஏறியிருக்காது.  நீ ஒரு டாக்சி பிடித்துப் போய் நிலைமையைச் சொல்லிப் பார், நான் வண்டியோடு இருக்கிறேன் என்றான். வண்டி இல்லாமல் போய் என்ன செய்வது, பாட்டுப் பாடுவதா என்று கேட்டாள்.

"கௌதம், ஏறு. கிளட்ச் இல்லாமப் போறோம்."

"அதெப்படி முடியும்?"

"நிக்காமப் போனா முடியும்."

கோயில் பக்கத்துச் சரிவில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினைக் கிளப்பினாள். இருவரும் உட்கார்ந்து, படகுக்குத் துடுப்புப் போடுவதுபோலக் கால்களால் தரையை உந்தினார்கள். வண்டி உருண்டு, வேகம் பிடித்ததும், அவள் ஆக்சிலரேட்டரைத் துளி முறுக்கி, காதைச் சாய்த்து எதையோ கேட்டுவிட்டு, கியரைக் காலால் தட்டினாள். ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான். அடுத்த கியருக்கு அந்த வெட்டுகூட இல்லை. எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கும் இடைவெளியில், ஊஞ்சலில் தாவி ஏறும் குழந்தையைப்போல, கியர் தானாகவே விழுந்தது.

அந்தப் பயணத்தைக் கௌதமன் பின்னாளில் பலபேரிடம் சொல்லியிருக்கிறான், ஒருவருக்கும் அதன் அழகு சரியாகப் புரிந்ததில்லை. நிற்கக் கூடாது, அதுதான் சங்கதி. நின்றால் சரிவில்லாத இடத்தில் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. எனவே அகல்யா சாலையை வெகு தூரத்துக்கு முன்னாலேயே படித்துக்கொண்டு போனாள். சிவப்பு விளக்கு எப்போது பச்சையாகும் என்பதை, காத்திருக்கும் ஆட்டோக்காரர்கள் எஞ்சினை முடுக்குவதை வைத்தே கணித்தாள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஆமைபோல ஊர்ந்து, அவர்கள் சென்று சேரும் கணத்தில் விளக்கு பச்சையாகும்படி செய்தாள். அவள் செய்யவில்லை, விளக்கு தானாகத்தான் மாறியது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் சொல்லித்தான் ஊரே திறந்து வழி விடுவதாகத் தோன்றியது. வளையாமல், பதறாமல் இருந்த அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தான். அதில் தன் முடிச்சைப் பற்றிய கோபத்தைத் தேடினான். கிடைக்கவில்லை.

ஒரு சிக்னல் மட்டும் ஏமாற்றிவிட்டது. மாறாது என்று தெரிந்ததும், அகல்யா இடதுபக்கம் ஒடித்து ஒரு காலனிக்குள் நுழைந்தாள். பூங்காவைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி சாலையில் ஏறிவிடும் எண்ணம். காலனி வாசலில் தீபாவளிக்குச் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்ற ஒருவர், வாயில் டேப்பைக் கவ்விக்கொண்டு, இரண்டு ஒயர்களை இணைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போன அகல்யா, பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வேகம் சுத்தமாகக் குறைந்த நொடியில் கியரை நியூட்ரலுக்குத் தட்டி ஏணியடியில் நின்றாள்.

"அண்ணா, அந்தக் கனெக்டர்ல ஒண்ணு கிடைக்குமா?" என்று இந்தியில் கேட்டாள்.

வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குள் வரிசையாகச் சின்னப் பித்தளைக் குழல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகாணி. ஒயரை உள்ளே விட்டு ஆணியை முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஃபேன் மாட்டும்போது கௌதமனும்தான் பார்த்திருக்கிறான். அதைக் கிளட்ச் வயரின் குண்டாகப் பார்க்க அவனுக்குக் கண் இல்லை. விளக்குக்காரர் கீழே இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, வாயிலிருந்த டேப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். ஒன்று கேட்டவளுக்கு இரண்டு கொடுத்தார், ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று இருக்கட்டும் என்று. ஸ்க்ரூடிரைவரும் அவருடையதுதான்.

விரிந்த இழைகளை அகல்யா எச்சில் தொட்டு, ஊசியில் நூல் கோப்பதுபோலத் திரித்துப் பித்தளைக்குள் விட்டாள். அறுந்ததில் வயர் குட்டையாகியிருந்தது. அதற்கு ஈடாக, வயரைத் தளர்த்தி இறுக்கும் அட்ஜஸ்டர் திருகை முழுவதும் உள்ளே திருகினாள். முடிச்சுகள் குறுக்கே நின்றன. அவற்றை அறுக்கவில்லை, பல்லால் கடித்துத் தளர்த்தி, ஓரமாகத் தள்ளினாள். பிறகு பித்தளைக் குழலைப் பிடியின் பின்னால் உட்கார வைத்து முறுக்கிவிட்டு, மெல்ல அழுத்திப் பார்த்தாள். கிளட்ச் பிடித்தது.

"தாங்குமாட்டி?"

"இறுக்கிப் பிடிச்சா உருவிக்கும். அதனால இறுக்கிப் பிடிக்க மாட்டேன்."

மைதானத்தில் பதிவு முடியப் போகும் நேரம். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்ட கமல்ஜீத் என்ற பெண்மணி, தேர்வை நடத்துபவர், இவர்கள் உள்ளே வருவதைப் பார்த்து வாசல் கயிற்றை மறுபடி தூக்கிவிட்டார். முன்னால் ஓட்டியவர்கள் சோடைபோனவர்கள் அல்ல. ஒருத்தி பாதியில் காலை ஊன்றிவிட்டாள். இன்னொருத்தி கச்சிதமாகத்தான் ஓட்டினாள், கடைசியில் அவசரப்பட்டாள்.

கடைசியாக அகல்யாவின் முறை வந்தது. கௌதமன் கோட்டின் ஓரத்தில் நின்றான். வண்டி கிளம்பியதும் அவனுக்கு வித்தியாசம் தெரிந்தது. மற்றவர்கள் கிளட்சை அழுத்தி அழுத்தி விட்டார்கள். அவள் இரண்டே விரல்களை, தூங்கும் குழந்தையின் கையைப் பிடித்திருப்பதுபோல, பிடியின் மேல் வைத்திருந்தாள். மீதி வேலையை வலது கால் பிரேக்கில் செய்தது. பித்தளை நழுவக்கூடாது என்பதற்காக அவள் கண்டுபிடித்துக்கொண்ட அந்த மென்மையால், வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. ஒரு காகம் கோட்டுக்குள் இறங்கி, வண்டி வருவதைப் பார்த்து, பறக்கத் தேவையில்லை என்று முடிவுசெய்து, நடந்தே விலகிப்போனது. கௌதமனின் இடது கை விரல்கள் காற்றில் மடங்கியிருந்தன.

முன்சக்கரம் கடைசிக் கோட்டைத் தாண்டியது. பின்சக்கரமும் தாண்டியது. அவள் நிறுத்துவதற்காக முதன்முறையாக முழுக் கிளட்சையும் பிடித்தாள். டக்கென்று பித்தளை உருவிக்கொண்டு புல்லில் விழுந்தது. வண்டி குலுங்கி அணைந்தது.

கமல்ஜீத் அருகே வந்து, புல்லிலிருந்து அந்தத் துணுக்கை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். எங்கிருந்து இப்படி வருகிறாய் என்று கேட்டார். அகல்யா சொன்னாள். அந்த அம்மாள் வெகுநேரம் சிரித்தார். நீ எடுக்க வேண்டிய வகுப்பு அடுத்த வாரம் ஆரம்பம், புது வயர் போட்டுக்கொண்டு வா என்றார். பித்தளையைத் திருப்பித் தரவில்லை.

விளக்குக்காரர் கொடுத்த இரண்டாவது கனெக்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்; பகலில் ஜங்புரா பக்கம் ஒரு கடை திறந்திருந்தது. மெக்கானிக் ஐயப்பன் புது வயரை எடுத்துக்கொண்டு வந்தவர் கயிறுகளைப் பார்த்து, அறுத்துவிடவா என்று கத்தரியை நீட்டினார். அகல்யா அதை வாங்கிக் கௌதமன் கையில் கொடுத்தாள்.

அவன் தயங்கினான். பிறகு முதல் வருடத்துக் கயிற்றையும், இந்த வருடத்துக் கயிற்றையும் கத்தரியால் அல்லாமல், முடிச்சு முடிச்சாக நகத்தால் அவிழ்த்தான். வெகுநேரம் ஆயிற்று. ஐயப்பன் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

"நான் கட்டினதால அறுந்துட்டு" என்றான் கௌதமன். "எவன் கண்ணு படுமோன்னு பயந்து கட்டினேன்."

அகல்யா புது வயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அரே, வேற எவன் பாக்குறான்? ரெண்டு வருஷமா கண்ணைச் சிமிட்டாம பாக்குறவன் நீ ஒருத்தன்தான். பட்டா உன் கண்ணுதான் படும்."

ஐயப்பன் சிரித்துவிட்டார். கௌதமனுக்குக் காது சிவந்தது. படிகாரத் துண்டை சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளப் போனான்.

"கட்டு, கட்டு" என்றாள் அவள். "உனக்கும்தானே அது வேணும். ஆனா வயரை விட்டுட்டு வேற எங்கயாவது கட்டு."

அவன் சுற்றிவந்து தேடி, பின்சீட்டின் கம்பியில், தான் பிடித்துக்கொண்டு வரும் இடத்திலேயே, கயிற்றைக் கட்டினான். ஒரே ஒரு முடிச்சு. அகல்யா வண்டியைக் கிளப்பினாள். கிளட்ச் எண்ணெய்போல இழைந்தது. அவன் ஏறி உட்கார்ந்து, கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, வழக்கம்போல அவள் முதுகைப் பார்க்க ஆரம்பித்தான்.