செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம்

சர்ச்சிலிருந்து வந்ததும் ஷாரோன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு கட்டம் போட்டாள். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி. கடற்கரையில், இன்னும் ஐந்து வாரத்தில். வாலாஜாபாத்திலிருந்து போகும் நால்வரில் அதை முன்பே ஒருமுறை முடித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் வாராவாரம் எல்லோருக்கும் பயிற்சித் திட்டம் போடும் வேலையும் அவள் தலையில். போன வருஷம் கடைசி ஆளாகக் கரையேறியது இன்னும் நெஞ்சில் எரிந்தது. மிதிக்கவும் ஓடவும் காஞ்சிபுரம் சாலை இருந்தது. நீந்துவதற்கு, கூட்டாளி விமல்ராஜ் வீட்டு வயல் கிணற்றை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே விமல்ராஜ் போன் செய்தான். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி இழுத்தான்.

"நீ கெணத்துல எறங்கக் கூடாதுன்றாரும்மா அப்பா. காலனி ஆளு எறங்கினா தண்ணி தீட்டாம். நீ பிளான் மட்டும் போட்டுக் குடு, நாங்க நீந்திக்கிறோம்."

"நான் போடற பிளானுக்குத் தீட்டு இல்லியா?"

அன்று மாலை நால்வருக்கும் திட்டம் போய்ச் சேர்ந்தது. செவ்வாய் காலை ஐந்தே முக்கால், விமல் வீட்டுக் கிணறு, நாற்பது நிமிடம். முதல் பெயர் ஷாரோன்.

செவ்வாயன்று அவள்தான் முதலில் வந்தாள். பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் படியிறங்கிவிட்டாள். பதினான்காவது நிமிடத்தில் மேலே ராமலிங்கத்தின் தலை தெரிந்தது, பின்னால் அவர் மகன் விமல்ராஜ்.

"யாரைக் கேட்டு எறங்கின? ஏறி வா!"

"இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்குதுங்க."

அவர் விறுவிறுவென்று போய் மோட்டாரைப் போட்டார். "மொத்தத்தையும் எறச்சிக் கொட்டினாத்தான் சுத்தமாவும்!"

குழாய் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து ஓடும் சத்தம் கிணற்றுக்குள் வரை கேட்டது.

"அந்தத் தண்ணி உங்க நெல்லுக்குத்தானே போவுது?" என்றாள் ஷாரோன், மூச்சு வாங்கியபடி.

ராமலிங்கம் வாய்க்காலைப் பார்த்தார். கை சுவிட்சின் மேலேயே நின்றது, அணைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கிணற்றுக்குள் பாசி பிடித்த ஒரு படி வெளியே வந்துவிட்டிருந்தது. ஷாரோன் சுவரை உதைத்து அடுத்த சுற்றைத் தொடங்கினாள். படியில் யாரோ கால் வைக்கும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.