இடது காது

"நான் சொல்லி வெச்சேனா? நான் என்னத்தச் சொல்லி..."

"பின்ன யாரு சொன்னது? ஆறு மாசமாச்சுக்கா. ஆறு மாசமா எம்பிள்ளை..."

"வாய மூடிட்டு ஒரு நிமிஷம் கேளுடி..."

"எம்பிள்ளை எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எது கேட்டாலும் தலைய ஆட்டுது. சிரிக்குது. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. சாப்பிட்டியான்னா தலையாட்டல். எந்த வகுப்புன்னு கேட்டா அதுக்கும் தலையாட்டல். எந்த வகுப்புன்னு கேட்டா யாராச்சும் தலைய ஆட்டுவாங்களா? சொல்லு. என்ன சொல்லி வளர்க்கிற அத?"

அக்கா ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கையின் வாய் அசைந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் ரிசீவரின் துளைகள் வழியாகக் கொசு போல வந்தது. சிறையின் பார்வையாளர் அறையில் வரிசையாகப் பதினோரு கண்ணாடிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மர ஸ்டூல், இடதுபுறத் தடுப்பில் ஒரு ரிசீவர். யாரும் பிய்த்துக்கொண்டு போகாதபடி அதன் வயருக்கு இரும்புச் சுருள் உறை போட்டிருந்தார்கள். ஒரு முழ நீளம்கூட இருக்காது. இருபது நிமிடம் ஆனதும் இணைப்பு தானாக அறுந்துவிடும். இன்றைக்கு ஐந்து நிமிடம் ஏற்கனவே சண்டையில் போயிருந்தது.

பின்னால் சுவரோரப் பெஞ்சில் குழந்தை உட்கார்ந்து, வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு காவலர் கொடுத்த தகர டோக்கனை முழங்கால் மேல் உருட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. வீட்டில் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முடிச்சிட்டியா?" என்றாள் அக்கா. "அவளுக்குக் காது கேக்கலடி."

"யாருக்கு?"

"சுண்டெலிக்கு. இடது காது. வலது காது நல்லாக் கேக்குது. இந்தக் குட்டை வயரு இடது காது வரைக்கும்தான் எட்டும் அவளுக்கு. நீ பேசினது எதுவும் அவ மண்டைக்குள்ள போகல."

தங்கை குழந்தையைப் பார்த்தாள். டோக்கன் கீழே விழுந்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது. குழந்தை குனிந்து தேடினாள்.

"அப்ப ஏன் தலைய ஆட்டினா?"

"நானும் அதத்தான் கேட்டேன். கேக்கலன்னு சொன்னா திரும்பத் திரும்பச் சொல்லி நேரம் வீணாப் போயிருமாம். அதுக்கு ஆட்டினாளாம்."

தங்கை கட்டைவிரல் நகத்தை வாயில் வைத்துக் கடித்தாள். உள்ளே தையல் கூடத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடப் பாவாடை மடிப்புப் பிரிவு. ஒரு நாளைக்கு அறுபது. நகத்தில் ஊசி ஏறிய கறுப்புப் புள்ளிகள் இரண்டு.

"எப்பலேர்ந்து?"

"சீழு வடிஞ்சுது. சொட்டு மருந்து விட்டோம். நின்னுச்சு, திரும்ப வந்துச்சு. உங்கிட்டச் சொல்லி என்ன ஆவப் போவுது? பாவாடையோட சேர்த்து விரலையும் தச்சுக்குவ. போன மாசம் படம் எடுத்துப் பார்த்தாங்க. உள்ள எலும்ப அரிச்சிட்டே போவுதாம். மூணு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலன்னா மூளைப் பக்கம் எறங்கிடும்னு டாக்டர் சொல்றாரு. தர்மாஸ்பத்திரில பேரு எழுதினோம். பதினாலு மாசம் கழிச்சுத் தேதி குடுத்திருக்காங்க."

"மாமா கம்பெனில வைத்தியம் பாக்க இன்ஷூரன்ஸ் ஏதோ இருக்குன்ன?"

"இருக்கு. அவர் ஓட்டுற பஸ்ஸுக்கு இருக்கிற மாதிரி அவர் குடும்பத்துக்கும் இருக்கு." அக்கா மடியிலிருந்து பழுப்பு உறையை எடுத்தாள். அவள் வேலை செய்யும் சலவைக்கூடத்தின் சோடா வாசனை கை பட்ட எதிலும் ஒட்டிக்கொள்ளும். உறையிலும் ஒட்டியிருந்தது. "நாங்க வளர்க்கிறோம்னு எழுதிக் குடுத்தோம். திருப்பிட்டாங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு கட்டம், தத்து எடுத்த பிள்ளைக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான் அந்தப் பாரத்துல. வளர்க்கிற பிள்ளைக்குக் கட்டம் கிடையாது."

தங்கை உறையைப் பார்த்தாள்.

"அப்ப அதுக்குத்தான் வந்திருக்க."

"ஆமா. அதுக்குத்தான்."

"பதினாலு வருஷமா உனக்கு வயிறு தெறக்கல. இப்ப எம்பிள்ளைக்குச் சீழு வடிஞ்சதும்..."

"சொல்லு. முழுசாச் சொல்லிடு. எனக்கு ஆசைதாண்டி. இல்லன்னு சொன்னா பொய். ராத்திரி அவ எம்மேல கால் போட்டுத் தூங்கினா நான் நகர மாட்டேன், கால் மரத்துப் போனாலும். ஆனா அதுக்காக அவ காத நானா அரிச்சேன்?"

பக்கத்துக் கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தன் ரிசீவருக்குள் முணுமுணுத்தார்.

"அந்த ஆளு?" என்றாள் தங்கை.

"உம் புருஷனா? போன வாரமே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். பேனா எடுக்கிறேன்னு நான் பையத் துழாவுறேன், அதுக்குள்ள அவன் சொந்தப் பேனாவ எடுத்துட்டான்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேல்பல் தெரிந்தது.

"நான் வெளிய வந்தப்புறம்?"

"இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"வந்தப்புறம்னு கேட்டேன்."

"வந்தப்புறம் நம்ம வீட்டுக்குத்தான வரப்போற? ஒண்ணாத்தான இருக்கப் போறோம்?"

"தத்துத் தாளுல என்ன போட்டிருக்கு?"

அக்கா உறையை மடியில் வைத்துத் தடவினாள்.

"நாலாவது வரிடி. திரும்பக் கேக்க மாட்டேன்னு."

தங்கை தலையை ஆட்டினாள். "நான் வேலை பார்த்த துணிக் கம்பெனில பின்வாசலப் பூட்டுன்னு சூப்பர்வைசர் சொன்னப்பவும் இப்படித்தான். சாவி வாங்கினதுக்கு நோட்டுல கையெழுத்துப் போடுன்னாரு, போட்டேன். துணி வெளிய போவுதாம், அதனால பூட்டணுமாம். தீப்பிடிச்சு மூணு பேர் உள்ளயே செத்துப் போனதுக்கப்புறம் கோர்ட்டுல அந்தக் கையெழுத்தத்தான் காட்டினாங்க. அவரு சொன்னதுக்கு எழுத்துல ஒண்ணும் இல்ல."

"தெரியும்டி."

"அவரு எங்க இருக்காரு இப்ப?"

"புதுக் கட்டடத்துல. அதே வேலைதான்."

தங்கை முழங்கையை மேடையில் ஊன்றிக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கன் கிடைத்துவிட்டது. குழந்தை அதை ஊதித் துடைத்தாள்.

"குடு," என்றாள் தங்கை.

அக்கா எழுந்துபோய் வாசலில் நின்ற பெண் காவலரிடம் உறையைக் கொடுத்தாள். காவலர் தாள்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனார். "மூணு எடத்துல போடணும். பேனாவத் திருப்பிக் குடுத்துடு," என்று அவர் சொன்னது, தங்கை மேடையில் வைத்த ரிசீவர் வழியாக, திரும்பி வந்து உட்கார்ந்த அக்காவுக்குக் கேட்டது. தங்கை எதையும் படிக்கவில்லை. மூன்று இடத்திலும் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ரிசீவரை எடுத்தாள்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"மூணு நிமிஷம் இருக்கும்."

"அவளக் கூப்பிடு. எனக்குக் கேக்கணும் அவ குரல."

அக்கா குழந்தையை ஸ்டூல் மேல் ஏற்றினாள். ரிசீவரை முகத்துக்குக் குறுக்கே வலது காதுக்கு இழுத்துப் பார்த்தாள். இரும்பு வயர் மூக்குக்கு முன்னாலேயே விறைத்து நின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் குழந்தையின் தோளைப் பிடித்து முழுதாகத் திருப்பினாள். இப்போது வலது காது தடுப்புப் பக்கம் வந்தது. ரிசீவர் எட்டியது. குழந்தையின் முதுகு கண்ணாடிக்கு வந்தது.

தங்கை கண்ணாடி வழியாக ஒற்றைப் பின்னலையும், கழுத்துப் பட்டையில் ஒரு பொத்தான் இல்லாத சட்டையையும் பார்த்தாள். தோள் ஒரு அங்குலம் அகன்றிருந்தது.

"சுண்டெலி. கேக்குதா? அம்மா பேசறது கேக்குதா?"

பின்னல் துள்ளியது. "கத்தாதம்மா. நல்லாக் கேக்குது."

"எந்த வகுப்புடி?"

"மூணாவது. டீச்சர் என்ன மொத பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க. குட்டையா இருக்கேன்னு இல்ல, காதுக்காக."

"ஆபரேஷன் பண்ணுவாங்க. பயப்படாத."

"பெரியம்மா சொன்னாங்க. வலிக்காதாம். தூங்க வெச்சிடுவாங்களாம்." குழந்தை திரும்பிப் பார்க்க முயன்றாள். ரிசீவர் காதிலிருந்து நழுவியது. பிடித்து மறுபடி வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்தாள். "நீ அங்கதான இருக்க?"

"இங்கதான் இருக்கேன். ஒண்ணு சொல்றேன், கவனமாக் கேளு. இனிமே பெரியம்மாவ அம்மான்னு கூப்பிடணும். ஆஸ்பத்திரில, பள்ளிக்கூடத்துல, யாரு கேட்டாலும் அவங்கதான் அம்மான்னு சொல்லணும். மறந்துடக் கூடாது."

"பெரியம்மாவையா?"

"ஆமா."

"பெரியப்பாவ?"

"அப்பா."

கண்ணாடிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசி நிமிடம். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை கையிலிருந்த டோக்கனை ஒவ்வொரு விரலாகத் தொட்டு எதையோ எண்ணினாள்.

"நீ பெரியம்மாவோட தங்கச்சிதான?"

"ஆமாண்டி."

"அப்ப நீ எனக்குச் சித்தியாம்மா?"