அது தூங்கும் வரை

ஷ்யாமளா கல்யாணமாகி சான் ஹோசேக்கு வந்து எட்டு மாதம். பொள்ளாச்சிக்காரி, விலங்கியலில் முதுகலை படித்தவள். ஆனால் கணவன் வெங்கடாசலத்தின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. 1999 ஜனவரியில், மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் கடற்சிங்கங்களை எண்ணத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று நூலகத்தில் ஒரு நோட்டீஸ் இருந்தது. அன்றே போன் செய்துவிட்டாள்.

"படுத்துக் கெடக்கறத எண்ணறதுக்கு அம்பது மைல் டிரைவ் பண்ணோணுமா?" என்றான் வெங்கடாசலம்.

"வீட்ல நானுந்தானுங்க படுத்துக் கெடக்கறேன். அதுக்கு இது தேவல."

படகுத்துறையின் மிதக்கும் மேடையில் நூற்றுக்கு மேல் கடற்சிங்கங்கள் கிடந்தன. அநேகமாக எல்லாம் ஆண்கள். பெண்கள் தெற்கே தீவுகளில் குட்டிகளோடு தங்கிவிட, இவை மட்டும் இரை தேடி வடக்கே வந்துவிடும். எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை வந்தன, எத்தனை போயின என்று அரைமணிக்கொரு முறை அவள் குறிக்க வேண்டும். முதல் வாரம், தண்ணீரில் சில துடுப்பை மேலே தூக்கியபடி அசையாமல் மிதப்பதைக் கண்டு, செத்துவிட்டன என்று பதறி ஓடினாள். ஆய்வை நடத்திய கேரல் சிரித்தாள். அதுவும் ஓய்வுதானாம், குளிர்ந்த நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் வழி.

மூன்றாவது வாரம், ஒரு பெரிய ஆண் கடற்சிங்கத்தின் கழுத்தில் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை சதைக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்தாள். மீட்புக் குழு இரண்டு தடவை விடியற்காலையில் வந்தது. முதல் நாள் அது அங்கே இல்லவே இல்லை. அடுத்த தடவை அப்போதுதான் மேடையேறியிருந்தது. வலையைப் பிரிப்பதற்குள் குதித்துவிட்டது. இனி முடியாது என்றார் குழுத் தலைவர்.

அன்று மாலை ஷ்யாமளா தன் கணக்குத் தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பினாள். பட்டை இறுக்கியதை மட்டும் அவள் நாள்தோறும் தனியாகக் குறித்து வைத்திருந்தாள். மற்றவை இரை தேடிவிட்டுக் காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுகின்றன. இது பெரும்பாலும் பத்துக்குத்தான் வருகிறது. காயத்தோடு வேட்டையாடி வயிறு நிறைய நேரமாகிறது போல. ஏறிய பின்னும் ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலை தூக்குகிறது. பிறகு கடற்காகம் முதுகில் உட்கார்ந்தாலும் தெரியாத தூக்கம்.

கேரல் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குழுவுக்குப் போன் செய்தாள். பதினொன்றரைக்கு வரச் சொன்னாள்.

ஆனால் வியாழக்கிழமை பத்து மணிக்கு அது வரவில்லை. பத்தரைக்கும் இல்லை. ஐந்து பேரை வீணாக வரவழைத்துவிட்டோமே என்று ஷ்யாமளா கடிகாரத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து ஐம்பதுக்கு மேடையின் ஓரத்தில் ஏறிப் படுத்தது.

பதினொன்றரைக்குத் தலைவர் வலையை எடுத்தார்.

"நோ," என்றாள் ஷ்யாமளா. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "இன்னும் தூங்கவில்லை. பொறுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் கேரலைப் பார்த்தார். கேரல் ஷ்யாமளாவைப் பார்த்தாள். எல்லோரும் நின்றார்கள்.

பன்னிரண்டு இருபதுக்கு அதன் தலை மெல்லச் சரிந்தது. ஷ்யாமளா கையை உயர்த்தினாள். வலை விழுந்தது, உறுமலும் நாற்றமுமாக நான்கு நிமிடம். பட்டை அறுந்ததும் அது தண்ணீருக்குள் பாய்ந்து போயிற்று.

"நீ சொல்லி அத்தன பேரும் நின்னாங்களா?" என்று வெங்கடாசலம் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டான்.

"நின்னாங்கதானுங்க." அவள் அவனுக்கு இன்னொரு தோசை வைத்தாள். "சனிக்கெழம நீங்களும் வாங்க. சும்மா படுத்துக் கெடக்கலீங்க அதுக. எத்தன நேரம் நீந்திட்டு வந்து விழுந்து கெடக்குதுகன்னு எனக்குத்தான் தெரியும்."

அவன் வருகிறேன் என்றான்.