அந்தோனியார் பாதை

2006ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, நிரஞ்சனி வீட்டாரும் றெக்ஸ் வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பதென்று ஏற்பாடாகியிருந்தது.

எங்கள் ஆட்களிடம் உள்ள நல்ல வழக்கங்களில் இதுவும் ஒன்று. பெண் பார்க்கப் போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போய், "அட, நீங்களும் வந்தனீங்களோ!" என்று வாயைப் பிளக்கவேண்டும். அவ்வளவுதான். சரிவராவிட்டாலும் யாரும் யாரையும் வேண்டாமென்று சொன்னதாகாது. வழக்கமாக இது கோயில் திருநாளில் நடக்கும், இல்லாவிட்டால் கடைத்தொகுதியில். இந்த முறை இடத்தைச் சொன்னவள் நிரஞ்சனி. மொன்ட்ரியாலுக்கு வடக்கே, ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஒரு மலை. பனிக்காலத்தில் சறுக்குவார்கள், கோடையில் சைக்கிள் ஓடுவார்கள். கம்பியில் தொங்கும் கதிரை ஆளையும் சைக்கிளையும் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். பிறகு மரங்களுக்கிடையே வெட்டிய பாதைகளில் அவரவர் கெட்டித்தனம்.

"இலையெல்லாம் நிறம் மாறியிருக்கும் அம்மா, வடிவாய் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். மூன்று வருடமாகத் தான் அந்தப் பாதைகளில் இறங்குவதைச் சொல்லவில்லை. தன் சொந்தச் சைக்கிள் அங்கேயே வாடகைக் கடையின் பின்னறையில் நிற்பதையும் சொல்லவில்லை. சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்குச் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்பதுதான் வீட்டில் கதை. தாய் கத்தரினோ, "எங்கடை பிள்ளைக்கு வேலை, வீடு, கோயில் விட்டால் வேறொண்டும் தெரியாது" என்று றெக்ஸின் தாய்க்கு அடித்துச் சொல்லிவைத்திருந்தாள்.

முன்பு வந்த நான்கு சம்பந்தங்களையும் நிரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டாள். இந்த ஐந்தாவதில்தான் வந்தது வில்லங்கம். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருக்கும் இந்த றெக்ஸ் இரண்டு முறை தொலைபேசியில் கதைத்தான். கதைத்ததைவிடச் சிரித்தது அதிகம். ரிசீவரை வைத்த பிறகும் இவள் குசினிச் சுவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்? சைக்கிளைச் சொன்னால் இவன் போய்விடுவானோ என்று பயம். சொல்லாமல் கட்டினால் சைக்கிள் போய்விடும். மலையடிவாரத்துக்கு ஆளைக் கொண்டுவந்துவிட்டால் சொல்வதற்கு எப்படியும் வாய் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

வாய் வரவில்லை. தாய் கட்டிவிட்ட வெளிர்நீலச் சேலையும் அதைப் பிடித்துநின்ற பதினொரு சேப்டிப்பின்னுமாக, புல்வெளி மேசையில் பொம்மைபோல உட்கார்ந்திருந்தாள். தற்செயலாக வந்த இரு குடும்பமும் ஊருக்கே போதுமான ரோல்ஸும் கட்லட்டும் கொண்டுவந்திருந்தன. வாடகைக் கடை மத்தியூ வாசலில் நின்று, "பொன்ஜூர், நிரா!" என்று கையை ஆட்டினான். நிரஞ்சனி வானத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

றெக்ஸுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஊரிலை சண்டை நடந்து, பெற்றோல் இல்லாத காலத்திலை, ஷெல் விழுந்த கிடங்குக்குள்ளாலை சைக்கிள் விட்டனாங்கள். இதென்ன பெரிய மலை?" என்று ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துவிட்டான். எந்தப் பாதையால் இறங்குவதென்று எல்லோருமாகப் பலகையைப் பார்த்தார்கள். கியூபெக்கில் தெருவுக்கும் ஊருக்கும் புனிதர் பெயர் வைத்தது போதாதென்று இந்த மலைக்காரர் பாதைகளுக்கும் வைத்திருந்தார்கள்.

றெக்ஸின் தாய் கிறேஸ் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "சென்ட் அந்துவான்! தம்பி, அந்தோனியார்! உன்ரை பாதுகாவலர். செவ்வாய்க்கிழமை தவறாமல் நான் மெழுகுதிரி கொளுத்துறது வீணே? இதாலை வா."

நிரஞ்சனிக்கு அது எந்தப் பாதை என்று தெரியும். மலையிலேயே ஆகக் கடினமான பாதை அது. காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். அந்தப் பாதையில் இறங்குகிறவர்கள் சப்பாத்து, கண்ணாடி, கைபேசி என்று ஏதாவதொன்றைத் தொலைக்காமல் வருவதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். போன மாதம் ஒருவர் முன்பற்கள் இரண்டைத் தேடிக்கொண்டு திரிந்தார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது?

"அந்தப் பச்சைக்கோடு போட்ட தெரேசம்மாள் பாதை வடிவாய் இருக்கும்போலை" என்று மெல்ல இழுத்துப் பார்த்தாள். சின்னப்பிள்ளைகளும் இறங்கக்கூடிய ஆக இலகுவான பாதை அது.

"ஆம்பிளைப் பிள்ளைக்குத் தெரேசம்மாளே?" என்றாள் கிறேஸ். "அந்தோனியார் கைவிடமாட்டார், பிள்ளை."

றெக்ஸ் கதிரையில் ஏறி, கையசைத்துக்கொண்டே மரங்களுக்கு மேலால் போய் மறைந்தான். நிரஞ்சனி கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தாள். உச்சிக்குப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு அவனுக்கு எத்தனை பல் மிஞ்சும்? "பாத்ரூமுக்குப் போட்டு வாறன் அம்மா" என்று எழுந்தவள், கடை மூலையைத் தாண்டியதும் ஓட்டம் பிடித்தாள்.

மத்தியூ பின்னறைக்குள் ஓடினான். சைக்கிளையும் வெள்ளைத் தலைக்கவசத்தையும் எடுத்து நீட்டினான். அவள் கொய்யக மடிப்பைப் பிரித்து, சேலையை இரு காலுக்குமாகச் சுற்றி, பதினொரு பின்னையும் இடம் மாற்றிக் குத்தினாள். தலைப்பை இடுப்பில் வரிந்து கட்டினாள். அடுத்த கதிரையில் பாய்ந்து ஏறினாள்.

உச்சியிலிருந்து முதல் வளைவு மட்டுந்தான் பயத்தோடு போனது. இரண்டாவதில் உடம்புக்குப் பழைய சந்தோஷம் வந்துவிட்டது. வேர், கல், பலகைப் பாலம், மறுபடியும் கல். சில்லு நிலத்தைத் தொட்டது பாதி, தொடாதது பாதி. ஓர் ஆணைக் காப்பாற்றப் போகிறோம் என்பதே மறந்து, "ஊ!" என்று காடு முழுக்கக் கேட்கக் கத்தினாள். சிவந்த இலைகள் முகத்தில் அடித்தன. பெரிய பாறையிலிருந்து பறந்து குதித்தபோது, கீழே பன்னச் செடிகளுக்குள் றெக்ஸ் மல்லாந்து கிடந்தான்.

ஒரு காலில் சப்பாத்து இல்லை. சைக்கிள் ஒரு மேப்பிள் கிளையில் தொங்கியது. அவன் வாய் திறந்தபடி இருந்தது. வெளிர்நீலச் சேலையும் வெள்ளைத் தலையுமாக ஒரு பெண் ஆகாயத்திலிருந்து இறங்கினால், மாதா என்றல்லாமல் கத்தோலிக்கன் வேறு என்ன நினைப்பான்? கை தானாகச் சிலுவை போட்டது.

"நான்தான், நிரஞ்சனி. எங்கையும் முறிஞ்சு போச்சோ?"

"இல்லை" என்றான். பிறகு, தொலைபேசியில் கேட்ட அதே சிரிப்பு. "இல்லை. வெக்கம் மட்டுந்தான் முறிஞ்சது. நீர் எத்தினை வருசமாய் உந்த வேலை செய்யிறீர்?"

"மூண்டு வருசம். வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது."

அவன் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கும் அடக்கமுடியவில்லை. இருவருமாகச் சைக்கிளைக் கிளையிலிருந்து இறக்கி, சிரித்துக்கொண்டே உருட்டி நடந்தார்கள். கீழே, பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தார்கள். இடப்பக்கம் கார்த் தரிப்பிடத்துக்குப் போகும் ஒதுக்குப்புறமான நடைபாதை. நேரே போனால் கடைசி மண்மேடு, அதற்கப்பால் ரோல்ஸ் மேசை.

றெக்ஸ் குரலைத் தணித்தான். "நீர் இதாலை போய்ச் சைக்கிளைக் குடுத்திட்டு வாரும். நான் நேரை போறன். அம்மாவுக்குத் தெரியவேண்டாம். கலியாணத்துக்குப் பிறகும் நான் ஒளிச்சு வைப்பன், சத்தியமாய்."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனாலும் நிரஞ்சனியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருடம் தாயிடம் பொய் சொன்னது போதாதா, இனி மாமியிடமும் சொல்லவேண்டுமா? நெஞ்சு படபடத்தது. மேலேயிருந்து இறங்கும்போதுகூட அப்படிப் படபடக்கவில்லை.

"இல்லை" என்றாள். "ஒளிக்கிற கலியாணம் எனக்கு வேண்டாம். நான் நேரை, எல்லாரும் பாக்கத்தான் வரப்போறன். உங்களுக்குச் சரிவராட்டில் பரவாயில்லை. நாங்கள் தற்செயலாய்ச் சந்திச்சதுதானே."

றெக்ஸ் அவளை ஒருதரம் பார்த்தான். மண்மேட்டைப் பார்த்தான். பின் தன் சைக்கிளை ஒரு மரத்தில் சாத்திவிட்டு, ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டத் தொடங்கினான்.

"எங்கை போறீங்கள்?"

"ரெண்டு அம்மாமாரையும் பிடிச்சு வைக்கப் போறன். மயங்கி விழுந்தால் ஆர் தூக்கிறது? நூறுவரைக்கும் எண்ணிப்போட்டு வாரும்."

அவள் அறுபதுவரைதான் எண்ணினாள். அதற்குமேல் பொறுமையில்லை. மண்மேட்டிலிருந்து சைக்கிளோடு எழும்பியபோது கீழே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வாய்க்குக் கொண்டுபோன கட்லட்டோடு அவளின் தகப்பன் எமிலியானுஸ். ஒரு கையில் கத்தரினையும் மறு கையில் கிறேஸையும் இறுக்கிப் பிடித்தபடி, பல்லெல்லாம் தெரிய றெக்ஸ். பின்னொன்று கழன்று, சேலைத் தலைப்பு காற்றில் விரிந்தது. அவள் இறங்கி, புல்லில் ஒரு வட்டமடித்து, மேசையடியில் வந்து நின்றாள்.

முதலில் குரல் வந்தது கத்தரினுக்கு. "அப்ப ஓவர்டைம்?"

கிறேஸ் மகனின் கையை உதறிவிட்டு எழுந்துவந்தாள். சேறு படிந்த சேலையைப் பார்த்தாள். சைக்கிளைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். "பிள்ளை, உது ஆற்றை சைக்கிள்?"

"என்ரை, அன்ரி." அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். "கோடை முழுக்க, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடுவன். இனியும் ஓடுவன்."

கிறேஸ் கண்ணை மூடி, விரல்மடித்து ஏதோ எண்ணினாள்.

"அப்ப கோடையிலை சரிவராது" என்றாள். "கலியாணத்தைத் தை மாசம் வைப்பம்."